சுருட்டும் பதமும்: ஓர் இலையின் சொல்வரலாறு



இவ்வுரையின் பொருள் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். சுருட்டைக் கெடாமல் வைக்கும் பெட்டியும், அப்பெட்டிக்குள் ஈரத்தைச் சீராக்கும் சிறு மணிகளும் ஒரு மொழிச் சொற்பொழிவுக்கு எவ்வாறு பொருளாகும் என்று கேட்கலாம். புகைத்தல் உடலுக்குக் கேடு என்பதில் ஐயமில்லை. அதனைப் பரிந்துரைப்பது என் நோக்கமன்று. ஆனால் உலக மொழிகள் பலவற்றில் வழங்கும் ஒரு தமிழ்ச்சொல் இப்பெட்டிக்குள் இருக்கிறது. அப்பெட்டி செய்யும் வேலைக்குத் தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் இன்னொரு சொல்லும் இருக்கிறது. முதற்சொல் உலகெங்கும் சென்றது. இரண்டாம் சொல் நம் அடுக்களையிலேயே தங்கிவிட்டது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பது கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர்க்குப் பயன்தரும்.

1. இலைக்குப் பெயரிட்ட முறைகள்

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பசின் 1492ஆம் ஆண்டுப் பயணத்திற்கு முன்னர் ஆசியாவில் எவரும் அதனை அறியார். போர்த்துக்கீசியர் வழியாக அது இந்தியாவுக்கு வந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாய அரசவை வரை பரவிவிட்டது. பேரரசர் ஜஹாங்கீர் 1617இல் அதற்குத் தடை விதிக்கும் அளவுக்குப் பழக்கம் வேரூன்றியிருந்தது.

புதிய பொருள் ஒன்று வந்து இறங்கும்போது மொழிகள் இருவழிகளில் நடந்துகொள்கின்றன. பொருளோடு பெயரையும் ஏற்றுக்கொள்வது ஒருவழி. பொருளை ஏற்று, பெயரைத் தம் சொற்களைக் கொண்டே ஆக்கிக்கொள்வது மற்றொரு வழி. மலாய்மொழி முதல்வழியைக் கொண்டது. போர்த்துக்கீசியரின் ‘தபாக்கு’ அங்கே ‘தெம்பாக்காவ்’ ஆயிற்று. தென்னிந்திய மொழிகள் இரண்டாம் வழியைக் கொண்டன. தமிழில் ‘புகையிலை’, மலையாளத்தில் ‘புகயில’, தெலுங்கில் ‘பொகாகு’, கன்னடத்தில் ‘ஹொகெசொப்பு’ என்பன யாவும் புகைக்கும் இலை என்ற ஒரே பொருளையே தருகின்றன. சிங்களத்தின் ‘தும்கொள’ என்பதும் அதுவே. புதிய பொருளுக்குத் தன் சொல்லாலேயே பெயரிடும் ஆற்றல் 400 ஆண்டுகளுக்கு முன்பே எளிய மக்களிடம் இயல்பாக இருந்தது என்பதற்கு இது சான்று. எந்தக் குழுவும் கூடி ‘புகையிலை’ என்னும் சொல்லை உருவாக்கவில்லை.

2. வினையிலிருந்து பெயர்

அவ்விலையைச் சுருட்டிப் புகைத்தபோது கிடைத்த பெயர் ‘சுருட்டு’. அதன் அமைப்பை நோக்குவோம். ‘சுருள்’ என்பது தன்வினை. இலை தானே சுருள்கிறது. ‘சுருட்டு’ என்பது பிறவினை. ஒருவர் இலையைச் சுருட்டுகிறார். உருள் – உருட்டு, திரள் – திரட்டு, மருள் – மருட்டு என்னும் இணைகளில் காணும் அதே விதி இங்கும் செயற்படுகிறது. ளகர ஈற்றுத் தன்வினை ‘ட்டு’ ஈற்றுப் பிறவினையாகிறது. பின்னர், சுருட்டும் தொழிலைக் குறித்த சொல் சுருட்டப்பட்ட பொருளுக்கு ஆகிவந்தது. இது தொழிலாகுபெயர். ‘திரட்டு’ என்பது திரட்டிய நூலைக் குறிப்பதும் இவ்வாறே.

மாணவர்கள் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். ‘சுருட்டு’ தனியே நிற்கும் சொல்லன்று. சுருள், சுருளி, சுருட்டை, சுருக்கு, சுருங்கு எனப் பெருங்குடும்பம் அதற்கு உண்டு. ஒரு சொல்லின் தாய்வீடு எது என்று வழக்கெழும்போது, எந்த மொழியில் அதற்கு இத்தகைய உறவுக்கூட்டம் இருக்கிறதோ அம்மொழியையே தாய்வீடாகக் கொள்வது சொற்பிறப்பியலின் அடிப்படை நெறி. மலையாளத்திலும் ‘சுருட்டு’ உண்டு. அதுவும் இக்குடும்பத்தின் உறுப்பே. போர்த்துக்கீசியத்தில் இச்சொல்லுக்கு அத்தகைய உறவுகள் இல்லை.

3. கடல்வழிச் சென்ற சொல்

ஆங்கில வணிகரும் கப்பல் தலைவருமான தாமஸ் போரி 1669 முதல் 1679 வரை வங்காள விரிகுடாவைச் சூழ்ந்த நாடுகளில் கண்டவற்றைக் குறித்துவைத்தார். அக்குறிப்புகள் 1905இல்தான் அச்சேறின. சோழமண்டலக் கரையில் ஏழை மக்கள் இலையைச் சுருட்டி, ஒரு முனையில் தீயிட்டு, மறுமுனையை உதட்டில் வைத்துப் புகைப்பதை அவர் விவரிக்கிறார். அதற்கு இரண்டு பெயர்களையும் தருகிறார். ஒன்று ‘புங்க்கோ’. மற்றொன்று போர்த்துக்கீசியர் சொல்வதாக அவர் குறிக்கும் ‘செரூட்டா’.

இவ்விரு பெயர்களும் நமக்குத் தொடர்புடையவை. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்–ஜாப்சன்’ அகராதி, முன்னதை மலாய்மொழியின் ‘புங்குஸ்’ என்னும் சொல்லோடு இணைக்கிறது. நாம் நாள்தோறும் உணவுக்கடையில் ‘புங்குஸ்’ என்று சொல்லி வாங்கும் பொட்டலம்தான் அது. பின்னது நம் ‘சுருட்டு’. ஒரே பொருளுக்கு வங்கக்கடலில் மலாய்ச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் போட்டியிட்டன. தமிழ்ச் சொல் வென்றது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இதே போரிதான் 1701இல் இலண்டனில் ஆங்கில–மலாய் அகராதியை வெளியிட்டவர். நம் வட்டாரத்தின் மொழி வரலாறு தனித்தனி அறைகளில் நிகழவில்லை என்பதை இவர் ஒருவரே காட்டுகிறார்.

போர்த்துக்கீசியத்தில் இச்சொல் இன்று ‘ஷருத்து’ என ஒலிக்கிறது. அக்காலத்தில் அதன் முதலொலி ‘பச்சை’ என்பதன் நடுவே கேட்கும் வல்லொலியாக இருந்தது. பின்னரே ‘ஷ’ என மெலிந்தது. ஆகவே அவர்கள் கேட்ட வாய்மொழியில் சொல்முதற் சகரம் வல்லொலியாகவே ஒலித்திருக்க வேண்டும். மலையாளத்தில் இன்றும் அவ்வாறே ஒலிக்கிறது. போர்த்துக்கீசியத்தில் டகர இரட்டை இல்லாமையால் அது ஒற்றைத் தகரமாயிற்று. ஈற்று உகரம் அம்மொழியின் ஆண்பால் ஈற்றோடு இயைந்துவிட்டது. ஆங்கிலத்தில் ‘ஷெரூட்’ என வழங்கி, இருமுனையும் வெட்டப்பட்ட சுருட்டை மட்டும் குறிக்கலாயிற்று. இந்தி, வங்க மொழிகளில் ‘சுருட்’, சிங்களத்தில் ‘சுருட்டு’, மலாயில் ‘செருத்து’.

மலாய்ச்சொல் தமிழ் வணிகரிடமிருந்து நேரே வந்ததா, 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர் வழியே வந்ததா என்று கேட்பதுண்டு. ஒலியமைப்பு இரண்டுக்கும் இடந்தருகிறது. மூவசைச் சொல்லின் முதலசை உயிர் மலாயில் குற்றுயிராகத் தேய்வது இயல்பு. எனவே மூலத்தில் அங்கிருந்தது உகரமா அகரமா என்பது அழிந்துவிடுகிறது. போர்த்துக்கீசிய ஈறும் உகரமாகவே ஒலிப்பதால் ஈற்றைக் கொண்டும் பிரிக்க இயலாது. வழி எதுவாயினும் ஊற்று ஒன்றே. ‘கெடாய்’ நம் கடை. ‘பெத்தி’ நம் பெட்டி. மலாயில் ‘பெத்தி செருத்து’ என்று சொன்னால் இரு சொல்லும் தமிழிலிருந்து சென்றவை.

இதன் விளைவைச் சற்றே எண்ணுங்கள். செடியைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர். ஆனால் இன்று லிஸ்பனிலோ பிரேசிலிலோ ஒருவர் கியூபாச் சுருட்டைக் கேட்கும்போது, அச்செடியின் தாய்மண்ணிலிருந்து வந்த பொருளைத் தமிழ்ப் பெயரால் கேட்கிறார். திருச்சிராப்பள்ளிச் சுருட்டு இங்கிலாந்திலும் பெயர்பெற்றிருந்தது. 1887இல் வெளிவந்த கோனன் டாயிலின் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், தரையில் கிடந்த சாம்பலைக் கொண்டே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு எனத் துப்பறிவாளர் முடிவுசெய்கிறார். வாசகருக்கு அப்பெயரை விளக்கவேண்டிய தேவை ஆசிரியருக்கு இருக்கவில்லை.

4. பெட்டியின் பெயர்

சுருட்டு காய்ந்தால் மேலிலை வெடித்து உதிர்கிறது; விரைந்து எரிந்து, காரல் மிகுகிறது. ஈரம் மிகுந்தால் பூஞ்சை பிடிக்கிறது. தீ நின்று எரிவதில்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்து உயரும்போது, இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிந்து சுருட்டைத் துளைக்கின்றன. ஆகவே ஏறத்தாழ 65 முதல் 72 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் 18 முதல் 21 பாகை செல்சியஸ் வெப்பமும் ஏற்றவை என்பது இத்துறையினர் கொள்ளும் அளவு.

இதற்கெனச் செய்த பெட்டிக்கு ஆங்கிலத்தில் ‘ஹியுமிடோர்’ என்று பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய இச்சொல்லின் பிறப்பு சுவையானது. ஈரமான என்று பொருள்படும் ‘ஹியுமிட்’ என்பதற்கு, ‘கஸ்பிடோர்’ என்னும் சொல்லைப் பார்த்து ஈறு சேர்த்தார்கள். ‘கஸ்பிடோர்’ என்பது எச்சில் உமிழும் கலம். தமிழில் படிக்கம், காளாஞ்சி என்போம். அதுவும் போர்த்துக்கீசியத்திலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற சொல்லே. எனவே செல்வர் மேசையை அணிசெய்யும் அப்பெட்டியின் பெயர் எச்சிற்கலத்தின் பெயரை அச்சாகக் கொண்டது. மொழியியலில் இதனை ஒப்புமையாக்கம் என்கிறோம். ஒப்புமையாக்கம் பொருளின் தகுதியை நோக்குவதில்லை. ஒலியின் வசதியையே நோக்கும்.

பெட்டியின் உட்புறத்தில் இழைக்கும் மரத்தின் பெயரும் அத்தகையதே. ‘ஸ்பானிஷ் சீடார்’ என வழங்கும் அது ஸ்பெயினில் விளைவதன்று; சீடார் என்னும் ஊசியிலை மர இனமும் அன்று. அது நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகிய இடங்களில் வளரும் மரம். தாவரவியலார் அதனை நம் வேம்பின் குடும்பத்தில் வைக்கிறார்கள். ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடுவதும், மணத்தால் பூச்சிகளை விலக்குவதும் அம்மரத்தின் இயல்புகள்.

5. மணிகள் செய்யும் வேலை

முற்காலத்தில் பெட்டிக்குள் நனைத்த பஞ்சை வைத்தனர். குழாய்ப் புகையிலைச் சாடியில் ஆப்பிள் துண்டை இடுவோரும் உண்டு. இவை ஈரத்தைக் கொடுக்கும். மிகுந்த ஈரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளா. மணிகளின் சிறப்பு இருபுறமும் வேலைசெய்வதில் இருக்கிறது.

பெரும்பாலான மணிகள் சிலிக்கா ஜெல்லால் ஆனவை. 1919இல் அமெரிக்க வேதியியலார் வால்டர் பாட்ரிக் அதனைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மருந்துப்புட்டியிலும் காலணிப் பெட்டியிலும் நாம் காணும் சிறு பொதிக்குள் இருப்பதும் அதுவே. வெளிப்பார்வைக்குக் கண்ணாடி மணிபோல் இருந்தாலும் உள்ளே கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் நிறைந்திருக்கின்றன. 1 கிராம் சிலிக்கா ஜெல்லின் துளைச்சுவர்களை விரித்துப் பரப்பினால் பல நூறு சதுரமீட்டர் தேறும். நீராவி அச்சுவர்களில் ஒட்டிக்கொள்கிறது. காற்று வறளும்போது விட்டு நீங்குகிறது. காலணிப் பெட்டியில் இருப்பது காற்றை முற்றும் உலர்த்துவதற்கு ஆனது. சுருட்டுப் பெட்டிக்குரியதோ உப்புகள் ஊட்டப்பெற்று, 65 அல்லது 70 விழுக்காடு என்னும் அளவில் கொள்வதும் கொடுப்பதும் சமனாகுமாறு பக்குவப்படுத்தப்பட்டது. ஈரம் உண்ட மணி தெளிந்து பளிங்காகத் தோன்றும். காய்ந்த மணி வெளுத்து மங்கும். தெளிந்தவையும் வெளுத்தவையும் கலந்திருப்பதே நல்ல நிலை. எல்லாம் தெளிந்துவிட்டால் மேலும் ஈரத்தை ஏற்க இடமிராது. காய்ச்சி வடித்த நீரையே தெளிக்க வேண்டும். குழாய்நீரிலுள்ள தாதுக்கள் துளைகளை அடைத்துவிடும்.

உப்புக்கும் ஈரத்துக்கும் உள்ள உறவை வகுப்பறையிலேயே காட்டலாம். சமையலுப்பைச் சிறு மூடியில் இட்டு, கரையாமல் குழைந்து நிற்கும் அளவுக்கு நீர் சேர்த்து, ஈரமானியோடு காற்றுப்புகாத பையில் ஒரு நாள் வைத்தால், கருவி 75 விழுக்காட்டைக் காட்ட வேண்டும். வெப்பம் சற்றே மாறினாலும் இவ்வெண் பெரிதும் மாறாது. எனவேதான் ஈரமானியைச் சரிபார்க்க இம்முறையைக் கையாள்கின்றனர். உணவுக்கடைகளில் உப்புக்குப்பிக்குள் சில அரிசிமணிகள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இவ்வறிவின் எளிய வடிவமே.

நம் நாடுகளில் இருபுறமும் வேலைசெய்யும் மணிக்குத் தனித்தேவை உண்டு. 30 பாகை வெப்பத்தில் 1 கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 21 பாகையில் ஏறத்தாழ 18 கிராமையே தாங்கும். விடியலில் 90 விழுக்காட்டையும் தாண்டும் வெளிக்காற்று, குளிரூட்டிய அறைக்குள் நீரை இழந்து வறண்டுவிடுகிறது. ஒரே வீட்டில் இரண்டு பருவங்கள் நிலவுகின்றன. சுருட்டு நம் வீட்டில் இல்லாவிடினும் வீணையும் மிருதங்கமும் பழைய நூல்களும் இருக்கின்றன. அவையும் மரம், தோல், தாள். அருங்காட்சியகங்கள் தம் காட்சிப்பேழைகளில் சிலிக்கா ஜெல்லை வைப்பது இதனால்தான்.

6. ‘பதம்’ என்னும் சொல்

இனி இரண்டாம் சொல்லுக்கு வருகிறேன். மணிகள் காப்பது ஈரத்தை அன்று, வறட்சியையும் அன்று. அவை காப்பது பதத்தை.

வடசொல்லான ‘பதம்’ காலையும் சொல்லையும் குறிக்கும். நான் கூறுவது அதுவன்று. சோறு பதமாக வெந்தது, பாகு பதத்துக்கு வந்தது, மண் உழவுக்குப் பதமாக இருக்கிறது என்கிறோமே, அந்தப் பதம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழி அதனை நாடறியச் செய்தது. சங்க நூல்களிலேயே இச்சொல் உணவையும் உரிய பக்குவத்தையும் குறித்து வந்துள்ளது. பதம் என்பது அளவன்று, தகுதி. சோற்றின் பதம் வேறு, பாகின் பதம் வேறு, இலையின் பதம் வேறு. எந்தப் பொருளுக்கு, எந்தப் பயனுக்கு என்று சொல்லாமல் பதத்தைச் சொல்ல இயலாது. அமெரிக்கப் புகையிலை உழவரும், இலை நொறுங்காமல் மடங்கும் நிலையைக் குறிக்கத் தமக்குள் ‘கேஸ்’ என்னும் தனிச்சொல்லை வழங்குகின்றனர். கையால் தொழில்செய்வோர் எங்கிருந்தாலும் இந்நிலைக்குப் பெயர் தேவைப்படுகிறது. தமிழில் அப்பெயர் ஒரு தொழிலுக்குள் அடங்காமல், அடுக்களை முதல் வயல்வரை பொதுச்சொல்லாக விரிந்து நிற்கிறது.

இதனைச் சூழ்ந்த சொற்களும் நுட்பமானவை. பச்சை, வாடல், உலர்ந்தது, சருகு என்பன இலை நீர்வற்றும் படிகள். ஈரம், கசிவு, ஓதம், நமப்பு, பிசுபிசுப்பு என்பன நீர் மிகும் வகைகள். ‘ஓதம்’ தரையிலும் சுவரிலும் ஏறுவது. ‘நமத்தல்’ மொறுமொறுப்பாக இருக்கவேண்டிய பொருளுக்கே நேர்வது. அப்பளம் நமக்கும், சோறு நமக்காது. இந்த வேறுபாட்டை நம் பாட்டிமார் பிழையின்றி அறிந்திருந்தனர்.

இப்போது ‘ஈரப்பதம்’ என்னும் கலைச்சொல்லை நோக்குங்கள். காற்றிலுள்ள நீராவியின் அளவைக் குறிக்க இது பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது. ஆனால் ‘ஈரப்பதம் மிகுதி’ என்று வானிலைச் செய்தியில் கேட்கும்போது, சொல்லின் உள்ளே நிற்கும் பதம் எங்கே போயிற்று? தக்க நிலையைக் குறித்த சொல், தகாத மிகுதிக்கும் பெயராகிவிட்டது. இது பொருள்தேய்வு. நிலைபெற்ற சொல்லை இனி மாற்ற முனைவது வீண். மாணவர்க்குக் குழப்பமே மிஞ்சும். ஆனால் கலைச்சொல்லில் தேய்ந்த பொருளை வழக்குமொழியிலும் இழந்துவிடக் கூடாது. ‘ஈரப்பதம்’ அளவுக்கு நிற்கட்டும். ‘பதம்’ தகுதிக்கு நிற்கட்டும்.

7. ஒரு பரிந்துரை

இவ்வேறுபாட்டைக் காத்தால் இன்றைய பொருள்களுக்கும் எளிதில் பெயர் கிடைக்கும். ‘ஹியுமிடோர்’ என்பதை ‘ஈரப்பெட்டி’ என்றால் நனைந்த பெட்டி என்று தோன்றும். ‘ஈரங்காக்கும் பெட்டி’ என்றால் பாதி உண்மையே. அது மிகுந்த ஈரத்தை நீக்கவும் செய்கிறது. ‘ஈரப்பதக் கட்டுப்பாட்டுப் பேழை’ என்பது விளக்கமாகுமே தவிரப் பெயராகாது. ‘பதப்பெட்டி’ என்றால் நான்கு எழுத்துகளை மிகாத ஒரு சொல்லும் ஒரு வீட்டுச்சொல்லும் சேர்ந்து வேலையைச் சொல்லிவிடுகின்றன. மணிகளைப் ‘பதமணி’ எனலாம். மருந்துப்புட்டியில் இருப்பதை ‘உலர்மணி’ எனலாம். ஒன்று உலர்த்துவது, மற்றொன்று பதங்காப்பது என்னும் அறிவியல் வேறுபாடு பெயரிலேயே விளங்கும். சுருட்டுக்கு மட்டுமன்றி, இசைக்கருவிக்கும் ஒளிப்படக் கருவிக்கும் ஓலைச்சுவடிக்கும் இப்பெயர்கள் பொருந்தும்.

இச்சொற்களை ஏற்பதும் தள்ளுவதும் வழக்கின் உரிமை. நான் வலியுறுத்த விரும்புவது முறையை. சொல்லாக்கத்துக்கு அமரும்போது நாம் முதலில் ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தமிழ் தேடுகிறோம். ‘ஹியுமிடோர்’ என்பதை அவ்வாறு பிரித்தால் எச்சிற்கலத்தின் ஈறுதான் கைக்கு வரும். பொருள் என்ன வேலை செய்கிறது, அவ்வேலைக்கு நம் உழவரும் தச்சரும் சமைப்போரும் என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். ‘புகையிலை’ அவ்வாறு பிறந்தது. ‘சுருட்டு’ அவ்வாறு பிறந்து, கடல் கடந்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை ஒப்பு ஈரப்பதத்தைப் பாடமாக நடத்தும்போது, வரையறையைச் சொல்வதற்கு முன்னர் மாணவரின் வீட்டில் பாட்டியோ அம்மாவோ எந்தெந்தப் பொருளுக்குப் ‘பதம்’ பார்க்கிறார்கள் என்று எழுதிவரச் சொல்லுங்கள். வரும் பட்டியலில் சோறும் மாவும் பாகும் வடகமும் இருக்கும். சில வீடுகளில் அச்சொல்லே இல்லாமலும் இருக்கும். சொல் இருக்கும் வீட்டிலிருந்து இல்லாத வீட்டிற்கு அது சென்றுசேரும் இடம் வகுப்பறையே.